நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்?
சைக்கிள் விபத்தின் இயற்பியல்



1992-ஆம் ஆண்டு சர்வதேச மகளிர் நாளன்று, புதுக்கோட்டை நகரம் அதுவரை கண்டிராத ஓர் ஊர்வலத்தைக் கண்டது. ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் வந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டில் மாவட்டத்தில் தொடங்கிய அறிவொளி இயக்கம், எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் இம்முயற்சிக்கு முன்னின்றார். விவசாயக் கூலிகள், கல்லுடைக்கும் பெண்கள், ஆசிரியைகள் எனச் சுமார் ஒரு லட்சம் கிராமப் பெண்கள் ஓரிரு ஆண்டுகளில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பெண்கள் சைக்கிள் போதாமற்போனபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். அதன் குறுக்குக் கம்பியில் ஒரு குழந்தையை உட்கார வைக்கலாம் என்பது கூடுதல் வசதி. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதிய கட்டுரை பிற்காலத்தில் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலிலும் இடம்பெற்றது.

அந்த ஒரு லட்சம் பேரும் கற்கும்போது விழுந்துதான் எழுந்திருப்பார்கள். குரங்குப் பெடல் போட்டுப் பழகிய நீங்களும் அப்படித்தான். முழங்காலில் சிராய்ப்பு, கொஞ்சம் மஞ்சள் பொடி, மறுநாள் மீண்டும் சைக்கிள். ஆனால் எல்லா விழுதலும் இப்படி முடிவதில்லை. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் ஏறத்தாழ 4,800 பேர் சைக்கிளில் சென்றவர்கள். அந்த ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் பெற்ற மாநிலம், வருந்தத்தக்க வகையில், நம் தமிழ்நாடு.

ஒரே வேகத்தில் செல்லும் இருவர் விழுகிறார்கள். ஒருவர் மண்ணைத் தட்டிவிட்டுப் போகிறார். மற்றவர் மருத்துவமனைக்குப் போகிறார். ஏன்? 'விதி' என்று சொல்லிவிடுவது எளிது. இயற்பியல் வேறொரு விடை தருகிறது. அந்த விடை ஒரே சொல்தான்: தூரம்.

ஆற்றல் எங்கே போகும்?

50 கிலோகிராம் நிறையுள்ள மாணவி, 20 கிலோகிராம் சைக்கிள். ஆக 70 கிலோகிராம். வேகம் மணிக்கு 18 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 5 மீட்டர். இயக்க ஆற்றல், நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கக் கிடைப்பது. கணக்கிட்டால் 875 ஜூல் வருகிறது.

நிற்க வேண்டுமென்றால் இந்த 875 ஜூலும் எங்காவது செலவாக வேண்டும். செலவாகும் ஆற்றல் = தடுக்கும் விசை × அந்த விசை செயற்படும் தூரம். ஆற்றல் மாறாதபோது, தூரம் குறைந்தால் விசை கூடும். தூரம் கூடினால் விசை குறையும்.

பிரேக் பிடித்து 5 மீட்டரில் நிற்பதாகக் கொள்வோம். விசை 875 ÷ 5 = 175 நியூட்டன். சுமார் 18 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கும் விசைதான். அதே மாணவி பிரேக் பிடிக்காமல் ஒரு சுவரில் மோதி 5 சென்டிமீட்டரில் நின்றுவிட்டால்? 875 ÷ 0.05 = 17,500 நியூட்டன். ஏறத்தாழ 1.8 டன் எடை! மாணவி அவளே, சைக்கிளும் அதுவே, வேகமும் அதுவே. தூரம் நூறில் ஒரு பங்கானதால் விசை நூறு மடங்காயிற்று. உடலைக் காயப்படுத்துவது இந்த விசைதான். இனி வருவன எல்லாம் இந்த ஒரு கணக்கின் விரிவே.

சாலையில் வேண்டிய தூரம்

குறுக்கே ஓர் ஆடு பாய்கிறது. கண் பார்த்து, மூளை உணர்ந்து, விரல் பிரேக்கை அழுத்துவதற்குச் சுமார் ஒரு வினாடி ஆகிறது. அந்த ஒரு வினாடியில் சைக்கிள் வேகம் குறையாமல் 5 மீட்டர் போய்விடும். அதன் பின் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 5 மீட்டர். ஆக, 10 மீட்டருக்குள் இருக்கும் எதன் மீதும் நாம் மோதியே தீருவோம். நண்பனோடு பேசிக்கொண்டு சென்றால் ஒரு வினாடி இரண்டு வினாடியாகும்; 10 மீட்டர் 15 மீட்டராகும்.

நம் மாவட்டத்தில் பல சாலைகள் கண்மாய்க் கரை மீது ஏறி இறங்குகின்றன. 5 மீட்டர் உயரமுள்ள கரையிலிருந்து மிதிக்காமலேயே இறங்கினாலும், காற்றுத் தடையைப் புறக்கணித்தால், அடிவாரத்தில் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர். வேகம் இரு மடங்கு. ஆற்றலோ நான்கு மடங்கு, 3,500 ஜூல். அதே 175 நியூட்டன் பிரேக் விசையோடு நிற்க வேண்டிய தூரம் 20 மீட்டர். முன்னே சொன்ன ஒரு வினாடிக்கு 10 மீட்டர் சேர்த்தால் 30 மீட்டர். சரிவின் அடியில் ஒரு வளைவோ மதகுப் பாலமோ இருந்தால் 30 மீட்டர் எங்கே கிடைக்கும்? எனவே சரிவில் பிரேக்கைத் தொடக்கத்திலேயே மெல்லப் பிடித்துச் செல்ல வேண்டும். அடிவாரத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்பது தவறான கணக்கு.

சுமை, மழை, சரளை

'டபுள்ஸ்' போவது நம் ஊர்ப் பழக்கம். கேரியரில் 50 கிலோகிராம் தோழி அமர்ந்தால் மொத்தம் 120 கிலோகிராம். ஆற்றல் 1,500 ஜூல். கை அழுத்தும் வலிமை மாறவில்லை. பிரேக் விசை அதே 175 நியூட்டன்தான். நிற்கும் தூரம் 5 மீட்டரிலிருந்து ஏறத்தாழ 8.6 மீட்டராகிவிடுகிறது. ஆலங்குடிப் பலாப்பழமானாலும் கீரமங்கலத்துப் பூ மூட்டையானாலும் கணக்கு இதுவே. சுமை ஏற்றினால் வேகத்தைக் குறையுங்கள்.

மழையில் இன்னொரு தொல்லை. பழைய மாதிரிச் சைக்கிளின் சக்கர வளையம் முலாம் பூசிய எஃகு. அதில் ரப்பர்க் கட்டை உரசித்தான் சைக்கிள் நிற்கிறது. வளையம் நனைந்தால் அந்த உராய்வு பல மடங்கு குறைந்துவிடுகிறது. நீர்ப்படலம் வழித்தெடுக்கப்படும் வரை பிரேக் பிடித்தும் பிடிக்காதது போலிருக்கும். ஆகவே மழை நாளில் அவ்வப்போது பிரேக்கை லேசாக அழுத்தி வளையத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

செம்மண் சரளை சிதறிக் கிடக்கும் தார்ச்சாலை ஓரம், கொள்ளும் உளுந்தும் காயவைத்த சாலை, இரண்டும் வழுக்கும். சிறு கற்களும் தானியங்களும் டயருக்கடியில் உருள்கின்றன. வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்ப வேண்டிய மையநோக்கு முடுக்கம் 5 × 5 ÷ 5 = 5. அதாவது புவிஈர்ப்பு முடுக்கத்தில் பாதி. இதற்கு உராய்வுக் கெழு 0.5-க்கு மேல் வேண்டும். காய்ந்த தார்ச்சாலை 0.7 அளவுக்குத் தரும்; உதிர்ந்த சரளை அதில் பாதியைத்தான் தரும். சைக்கிள் பக்கவாட்டில் சறுக்கி விழுவது இதனால்தான். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் பிரேக் பிடிக்காதீர்கள்.

முன் பிரேக்கும் குட்டிக்கரணமும்

'முன் பிரேக் ஆபத்து' என்று சிலர் அதைக் கழற்றியே விடுகிறார்கள். உண்மையில் நன்றாக நிறுத்துவது முன் பிரேக்தான். பிரேக் பிடிக்கும்போது எடை முன் சக்கரத்தின் மீது சாய்கிறது. அதன் பிடிப்பு கூடுகிறது. பின் சக்கரத்தின் பிடிப்பு குறைகிறது.

ஆனால் ஓர் எல்லை உண்டு. ஓட்டுபவரையும் சேர்த்து ஈர்ப்பு மையம் தரையிலிருந்து சுமார் 1.1 மீட்டர் உயரத்தில், முன் சக்கரம் தரையைத் தொடும் புள்ளிக்கு 0.6 மீட்டர் பின்னால் இருப்பதாகக் கொள்வோம். அந்தப் புள்ளியைப் பற்றித் திருப்புத்திறன் எடுங்கள். எடை சைக்கிளைக் கீழே அழுத்துகிறது. நிலைமம் அதை முன்னே கவிழ்க்கிறது. எதிர்முடுக்கம் புவிஈர்ப்பு முடுக்கத்தில் 0.6 ÷ 1.1 பங்கைத் தாண்டினால், அதாவது வினாடி வர்க்கத்துக்கு 5.3 மீட்டர் அளவை மீறினால், பின் சக்கரம் தரையை விட்டு எழும். ஓட்டுபவர் கைப்பிடிக்கு மேலாகத் தூக்கி எறியப்படுவார். கைப்பிடியில் புத்தகப் பையோ தண்ணீர்க் குடமோ தொங்கினால் ஈர்ப்பு மையம் முன்னே நகர்ந்து இந்த எல்லை இன்னும் குறைகிறது.

இரண்டு பிரேக்கும் சரியாக இருக்க வேண்டும். பின் பிரேக்கை முதலில் பிடித்து, முன் பிரேக்கைப் படிப்படியாகச் சேர்த்து, உடலைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி உட்காருங்கள்.

தலைக்கு வேண்டிய இரண்டு சென்டிமீட்டர்

சைக்கிளில் அமர்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறத்தாழ 1.5 மீட்டர் உயரத்தில் உள்ளது. சைக்கிள் நின்றுகொண்டே சாய்ந்தாலும், 1.5 மீட்டர் தடையின்றி விழும் தலை தரையைத் தொடும்போது அதன் வேகம் வினாடிக்கு 5.4 மீட்டர். மணிக்கு ஏறத்தாழ 19 கிலோமீட்டர்! 'மெதுவாகத்தான் போனேன்' என்பது தலைக்குப் பாதுகாப்பு ஆகாது. இந்த வேகத்தைத் தருவது சைக்கிள் அன்று, பூமி.

அத்தலை எவ்வளவு தூரத்தில் நிற்கிறது? கணக்கு எளிது. விழுந்த உயரத்தை, நிற்கும் தூரத்தால் வகுத்தால், எதிர்முடுக்கம் புவிஈர்ப்பு முடுக்கத்தைப் போல் எத்தனை மடங்கு என்பது கிடைக்கும். வெறுந்தலை தார்ச்சாலையில் மோதினால் தோலும் எலும்பும் வளைந்து கொடுப்பது சில மில்லிமீட்டர்தான். 3 மில்லிமீட்டர் என்று வையுங்கள். 1,500 ÷ 3 = 500 மடங்கு. தலைக்கவசத்தின் உட்புறம் இருப்பது வேறொன்றுமன்று, உங்களுக்குத் தெரிந்த தெர்மோகோலின் அடர்ந்த வகைதான். அது 2 சென்டிமீட்டர் நசுங்கிக் கொடுத்தால்? 1,500 ÷ 20 = 75 மடங்கு.

ஐரோப்பாவில் சைக்கிள் தலைக்கவசத்துக்கான இ.என். 1078 என்னும் தரவிதியும் இதைத்தான் சோதிக்கிறது. மாதிரித் தலையில் கவசத்தை மாட்டி, தட்டையான எஃகுப் பரப்பின் மீது வினாடிக்கு 5.42 மீட்டர் வேகத்தில் மோதவிடுவார்கள். எதிர்முடுக்கம் 250 மடங்கைத் தாண்டினால் கவசம் தேறாது. நாம் கணக்கிட்ட அதே 1.5 மீட்டர் வீழ்ச்சி!

தலைக்கவச ஆராய்ச்சிக்கு வித்திட்ட ஒரு விபத்திலும் சைக்கிள் உண்டு. 1935 மே மாதம் இங்கிலாந்தில், முதல் உலகப் போரில் புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ் மோட்டார் சைக்கிளில் வந்தபோது, எதிர்பாராமல் எதிர்ப்பட்ட இரு சைக்கிள் சிறுவர்கள் மீது மோதாமல் இருக்க முயன்று தூக்கி எறியப்பட்டார். தலையில் அடிபட்டு ஆறு நாட்களுக்குப் பின் இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஒருவரான மூளை அறுவை மருத்துவர் ஹியூ கெய்ர்ன்ஸ், தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-இல் கட்டுரை வெளியிட்டார். அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டிஷ் இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது.

சைக்கிள் ஓட்டுவோரைப் பற்றி, 2016-இல் ஆஸ்திரேலியாவின் ஜேக் ஒலிவியரும் ப்ருடன்ஸ் கிரைட்டனும் 40 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விபத்தில் காயமுற்ற 64,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் அவை. கவசம் அணிந்தவர்களிடம் கடுமையான தலைக்காயத்துக்கான வாய்ப்பு 69 சதவீதம் குறைவாக இருந்தது.

ஆயினும் தலைக்கவசம் மந்திரக் கவசம் அன்று. லாரி மோதினால் இரண்டு சென்டிமீட்டர் தெர்மோகோல் என்ன செய்யும்? கவசம் புருவத்துக்கு மேல் இரண்டு விரற்கடை அளவில் அமர வேண்டும். தாடைப் பட்டையை மாட்ட வேண்டும். பட்டை மாட்டாத கவசம் தலைக்கு முன்பாகவே பறந்துவிடும். நசுங்கிய தெர்மோகோல் மீண்டும் உப்பாது. எனவே ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை மாற்றிவிட வேண்டும்.

வெளியே தெரியாத காயங்கள்

விழும்போது கையை ஊன்றுவது இயல்பு. அதனால் மணிக்கட்டும் காறை எலும்பும் முறிவது சைக்கிள் விபத்தில் வழக்கம். இவை வலியால் தம்மைத் தெரிவித்துவிடும். தெரிவிக்காதவை சில உண்டு.

கைப்பிடியின் முனையைப் பாருங்கள். ரப்பர் உறை கிழிந்து இரும்புக் குழாய் வெளியே தெரிகிறதா? அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது. அக்குழாய் விளிம்பின் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர் அளவே. விழும் சிறுவனின் வயிற்றில் அது குத்தினால், வெளியே ஒரு வட்டத் தழும்பு மட்டும் இருக்கும்; உள்ளே கல்லீரலோ மண்ணீரலோ கிழிந்திருக்கலாம். வயிற்றில் கைப்பிடி குத்தியவர் சில மணி நேரம் கழித்து வலி, வாந்தி, மயக்கம் என்றால் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். இதைத் தடுக்கும் ரப்பர் உறையின் விலையோ மிகக் குறைவு.

பின்னால் அமரும் குழந்தையின் குதிகால் சக்கரக் கம்பிகளுக்குள் மாட்டுவது நம் நாட்டில் மருத்துவர்கள் அடிக்கடி காணும் காயம். சுழலும் கம்பி, சட்டத்தோடு சேர்ந்து கத்தரிக்கோல் போல வெட்டுகிறது. கால் வைக்கக் கட்டையும், சக்கரத்துக்கு வலைத் தடுப்பும் இல்லாமல் குழந்தையை ஏற்றாதீர்கள். தாவணி, துப்பட்டா முனைகளையும் செருகிக்கொள்ளுங்கள்.

நம்மைக் காண்பவருக்கும் தூரம் வேண்டும்

திருச்சி சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி, வினாடிக்கு 16.7 மீட்டர் நகர்கிறது. ஓட்டுநர் உங்களைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை வினாடி ஆனால் 25 மீட்டர். நன்றாகப் பிரேக் பிடித்தாலும் நிற்க இன்னும் 28 மீட்டர். ஆக 53 மீட்டர். இரவில் தாழ்த்திய முகப்பு விளக்கில், கருநிற உடை அணிந்தவர் அந்தத் தூரத்துக்கு முன்பாகக் கண்ணில் படுவது அரிது.

இங்கே உதவுவது பின் மட்கார்டில் உள்ள சிவப்புப் பிரதிபலிப்பான். அதனுள் ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று பரப்புகள் கொண்ட சிறு மூலைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. எத்திசையில் ஒளி வந்தாலும் மூன்று முறை எதிரொளித்து, வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். 1969-இல் அப்பல்லோ 11 விண்வெளி வீரர்கள் நிலவில் வைத்த எதிரொளிப்பானும் இதே தத்துவம்தான். பூமியிலிருந்து செல்லும் லேசர் கதிர் அதில் பட்டுத் திரும்புகிறது. நிலவிலிருந்தே ஒளியைத் திருப்பும் அமைப்பை நாம் சேற்றோடு விட்டுவைக்கலாமா? வாரம் ஒரு முறை துடைத்து வையுங்கள். வெளிர் நிற உடையும் முன்விளக்கும் நல்லவை.

இன்னொரு தூரமும் உண்டு. பேருந்து இடப்புறம் திரும்பும்போது அதன் பின் சக்கரம், முன் சக்கரம் சென்ற பாதையில் செல்லாது. உள்ளே தள்ளிச் செல்லும். முன்பகுதி உங்களைத் தாண்டிவிட்டதென்று நீங்கள் நிற்கும் இடத்துக்கே பின் சக்கரம் வந்து சேரும். திரும்பவிருக்கும் பேருந்து, லாரியின் இடப்பக்கம் ஒருபோதும் நுழையாதீர்கள்.

யாரேனும் அடிபட்டால்

சைக்கிள் ஓட்ட உரிமம் வேண்டாம். அதனாலேயே சாலை விதிகளில் யாரும் நமக்குத் தேர்வு வைப்பதில்லை, முதலுதவியிலும் அப்படியே. அடிபட்டவரை இழுத்துப் புரட்டாதீர்கள், தண்ணீர் புகட்டாதீர்கள். இரத்தம் வடிந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். 108-ஐ அழையுங்கள். தலையில் அடிபட்டவர் எழுந்து நடந்தாலும், பின்னர் தூக்கக் கலக்கம், வாந்தி, குழறல், கடும் தலைவலி எதுவும் வந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மண்டைக்குள் இரத்தம் மெல்லக் கசிவது சில மணி நேரம் கழித்தே வெளிப்படலாம். சாலை விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்காகத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தொடங்கியது. உதவ முன்வருபவருக்கு 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. 'போலீஸ் கேள்வி கேட்கும்' என்று அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை.

ஊரில் ஒரு விபத்து நடந்துவிட்டால், 'இனி சைக்கிள் வேண்டாம், பஸ்ஸிலேயே போ' என்று சொல்லும் வீடுகள் உண்டு. அச்சொல் பெரும்பாலும் பெண் பிள்ளைகளுக்குத்தான். பஸ் வராத ஊரில் அது படிப்பையே நிறுத்திவிடும். புதுக்கோட்டைப் பெண்கள் ஏறி அமர்ந்த சைக்கிளிலிருந்து அவர்கள் பேத்திகளை அச்சம் இறக்கிவிடக் கூடாது. பிரேக்கைச் சரிசெய்து, இந்தக் கணக்கைப் பெற்றோரிடம் போட்டுக் காட்டுங்கள்.

செய்து பாருங்கள்

1. பள்ளி மைதானத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். ஒரே சீரான வேகத்தில் வந்து, கோட்டைத் தொட்டதும் பிரேக் பிடித்து, நின்ற தூரத்தை அளவிடுங்கள். தனியாகவும், கேரியரில் மணல் மூட்டை கட்டியும், சக்கர வளையத்தை நனைத்தும் செய்து அட்டவணை தயாரியுங்கள். ஆசிரியர் அருகில் இருக்கட்டும். எதிரே எவரும் நிற்க வேண்டாம்.

2. டயர்களை நனைத்துக்கொண்டு சிமெண்டுத் தரையில் மெதுவாகத் திரும்புங்கள். இரண்டு ஈரத் தடங்களில் எது உட்புறம் உள்ளது? பேருந்தின் நீளத்துக்கு அந்த இடைவெளி எவ்வளவு ஆகும் என்று சிந்தியுங்கள்.

3. உங்கள் தலையின் உயரத்தைச் சைக்கிளில் அமர்ந்தபடி அளந்து, 3 மில்லிமீட்டருக்கும் 20 மில்லிமீட்டருக்கும் எதிர்முடுக்கத்தைக் கணக்கிடுங்கள். வீட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரிடம் அந்த இரண்டு எண்களையும் காட்டுங்கள்.